துவர்ப்பைப் பழகுதல்: கோர்னாஸோடு ஏழு மாதம்

போன அக்டோபரில் என் முதல் கோர்னாஸ் பாட்டிலைத் திறந்தேன். பிரான்சில் அதே பெயருள்ள ஊரில் விளைகிற சிவப்பு ஒயின் அது. அரை கிளாஸ் தாண்டவில்லை. ஈறு இறுகிப்போய், கன்னத்தின் உட்புறம் காய்ந்து, பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விலை முப்பத்தைந்து யூரோ. கார்க்கைத் திரும்பச் செருகி சமையலறை மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம், கொட்ட மனசு வராமல், இன்னொரு வாய் குடித்தேன். வேறு பாட்டிலை எடுத்துவிட்டேனோ என்று லேபிளைப் பார்த்தேன். முதலில் நாவல்பழ வாசனை, பின்னாலேயே இடித்த மிளகு, அணைந்த விறகடுப்புப் புகை. துவர்ப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது பழத்தோடு சேர்ந்து வந்தது. நாவல்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகி லேசாக இழுத்துப் பிடிக்குமே, அந்த மாதிரி. அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன்.

நான் இருப்பது பிரான்சின் லியோனில். ஊரைத் தாண்டி ரோன் நதி தெற்கே இறங்க, வியென் தொடங்கி வலான்ஸ் வரை சுமார் 70 கிலோமீட்டருக்கு இரு கரையிலும் திராட்சைத் தோட்டங்கள். வடக்கு ரோன் என்பது இதுதான். இங்கே சிவப்பு ஒயினுக்கு ஒரே ஒரு திராட்சைதான்: சீரா. இதற்குள் ஒவ்வொரு பகுதிக்கும் தனி விதி. கோத்-ரோத்தி பகுதியில் 20 சதவீதம் வரை வியோனியே என்ற வெள்ளைத் திராட்சை சேர்க்கலாம். எர்மிதாஜ் பகுதியில் 15 சதவீதம் வரை மார்சான், ரூசான் என்ற வெள்ளைத் திராட்சைகளைச் சேர்க்க அனுமதி உண்டு. கோர்னாஸில் அதுவும் கிடையாது, நூறு சதவீதமும் சீரா. செங்குத்தான கருங்கல் சரிவு என்பதால் பல இடங்களில் டிராக்டர் ஏறாது. ஒவ்வொரு கொடியையும் ஒரு கம்பில் கட்டி, வேலையெல்லாம் கையால்தான்.

நவம்பர் முழுக்க ஒயினை விட்டுவிட்டுத் துவர்ப்பைப் படித்தேன். டானின் என்று இவர்கள் சொல்வது நமக்கு அறுசுவையில் ஒன்று. பாக்கிலும் வாழைப்பூவிலும் பிஞ்சு மாதுளையிலும் சின்ன வயசிலிருந்தே தெரிந்தது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழுவழுப்பு போவதால் காய்ந்த மாதிரி இருக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, தேயிலையைப் பத்து நிமிஷம் ஊறவைத்துக் கட்டியாக இறக்கினேன். ஒரு டம்ளர் அப்படியே, இன்னொன்றில் ஒரு கரண்டி பால். பால் விட்டதில் துவர்ப்பு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. பாலின் புரதம் முந்திக்கொண்டு டானினைப் பிடித்துவிட்டது. இவர்கள் ஏன் இந்த ஒயினை ஆட்டுக்கறியோடும் சீஸோடும் வைக்கிறார்கள் என்பது அந்த டம்ளரில் புரிந்தது.

இன்னொரு பழக்கமும் அப்போது வந்தது. விழுங்கிய பிறகு பத்து எண்ணும்வரை பேசாமல் இருப்பேன். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு. ஈறு ஒட்டினால் துவர்ப்பு. தொண்டை சுட்டால் ஆல்கஹால். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் இத்தனை நாளும் 'ஸ்ட்ராங்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் வடக்கு ரோனின் க்ரோஸ்-எர்மிதாஜ், சேன்-ஜோசெஃப், கோர்னாஸ் ஒயின்கள் மூன்றையும் ஒரே ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சமதளத்து உருண்டைக் கல் மண்ணில் விளைந்த க்ரோஸ் மெத்தென்று போய்விட்டது, சீக்கிரம் மறந்தும் போனது. சேன்-ஜோசெஃப் நேராக, மெலிந்து இருந்தது. கோர்னாஸ் கிளாஸில் நிறமே வேறு. விரலைப் பின்னால் பிடித்தால் தெரியவில்லை.

ஜனவரி, சூடு. வீட்டில் ஹீட்டர் ஓடுவதால் அறை 22 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் வாசனை மூடிக்கொண்டு துவர்ப்பு மட்டும் நிற்கிறது. எனக்குச் சரிப்பட்டது 16, 17 டிகிரி. காற்றும் படவேண்டும். சீரா காற்றில்லாமல் அடைந்து கிடந்தால் தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு வாடை வரும். அகன்ற ஜாடியில் ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் கலைந்துவிடுகிறது. முதல் பாட்டிலில் நான் பண்ணிய தப்பு இவ்வளவுதான்: சின்ன கிளாஸ், சூடான அறை, பொறுமை இல்லாத கை.

பிப்ரவரிதான் எனக்கு மிகவும் பிடித்த மாதம். சீராவில் வருகிற மிளகு வாசனை வெறும் உவமை என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையிலேயே மிளகில் இருக்கிற அதே பொருள்தான் அது. ரொட்டண்டோன் என்று பெயர். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவை எவ்வளவோ கூட்டியும் அது தெரியவே இல்லை.

குளிர்ந்த வருஷங்களில் இது திராட்சைத் தோலில் அதிகம் சேரும் என்கிறார்கள். ஒரே தயாரிப்பாளரின் சேன்-ஜோசெஃப் இரண்டு வாங்கினேன்: ஏப்ரல் உறைபனியில் அடிபட்டுக் குளிர்ந்து போன 2021, வெயிலும் வறட்சியும் வாட்டிய 2022. சின்ன உரலில் பத்து மிளகைத் தட்டி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி மோந்தேன். 2022இல் பழப்பாகு வாசனைதான். 2021இல் கிளாஸைச் சுழற்றியதுமே ரசம் கொதிக்கிற வீட்டு வாசலில் நின்ற மாதிரி இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு நீட்டினேன். நிதானமாக மோந்தாள்.

"மிளகா? எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. நாவப்பழம்தான் வருது."

உரலில் இருக்கும் மிளகு அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. மிளகில் வேறு வாசனைகளும் நிறைய உண்டு. கிளாஸில் இருப்பது மட்டும் தெரியவில்லை. மூன்று ராத்திரி வைத்துப் பார்த்தோம், மூன்றிலும் அதே பதில். ஒரே பாட்டிலில் நாங்கள் இருவரும் இரண்டு ஒயின் குடிக்கிறோம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ரயிலேறித் தேன்-லெர்மிதாஜ் என்ற ஊருக்குப் போனேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எர்மிதாஜ் குன்று எதிரே நிற்கிறது. மொத்தமே 130 ஹெக்டேர் சொச்சம்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் போர்தோ பகுதி ஒயின்காரர்கள் தங்கள் ஒயின் மெலிந்துபோன வருஷங்களில் இதை வாங்கிக் கலந்து வலுவேற்றினார்கள். அதற்கென்றே 'எர்மிதாஜே' என்று ஒரு சொல் வழங்கியது. மேலே புனித கிறிஸ்தோபர் பெயரில் ஒரு சின்னக் கற்கோயில். அதுவரை நடந்தேன். காலடியில் கருங்கல் பொடிந்து மணலாகக் கிடக்கிறது. வெயில் நேராக விழும் தென்சரிவு என்பதால் மார்ச்சிலேயே கல் சூடாக இருந்தது.

பிறகு ஆற்றைக் கடந்து தெற்கே கோர்னாஸ். ஒரு நிலவறையில் பெரியவர் ஒருவர் பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்துக் கொஞ்சம் ஊற்றினார். நான் உடனே விழுங்கியதைப் பார்த்துத் தலையாட்டினார். "மென்று சாப்பிடுங்கள்" என்று தாடையை அசைத்துக் காட்டினார். சோற்றை மெல்வது போல ஒயினை மென்றேன். துவர்ப்பு ஈறு முழுக்கச் சீராகப் பரவியது. மாவைச் சலித்த மாதிரி, பொடிப் பொடியாக. அதற்குப் பிறகு 2010ஆம் வருஷத்து ஒயினை ஊற்றினார். ஓரத்தில் செங்கல் நிறம், கிளாஸின் அடியில் கறுப்பாக வண்டல். டானினும் நிறப்பொருளும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக் கனத்து அடியில் இறங்கியதுதான் அது. வாயில் தோல்வார், ஆலிவ், காய்ந்த இலை. துவர்ப்பு பட்டு மாதிரி இருந்தது. நோட்டில் அன்றைக்கு நான்கு பக்கம்.

சாப்பாட்டைப் பற்றி: காரமான மட்டன் சுக்காவோடு குடித்தது பெரிய தோல்வி. மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கிளறிவிட்டது, பழ வாசனை சுத்தமாகப் போய்விட்டது. மிளகாயே இல்லாமல், மிளகும் சோம்பும் போட்டு வறுத்த ஆட்டுத்தோள் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆர்தேஷ் பக்கத்துப் பிக்கோதோன் ஆட்டுப்பால் சீஸும் நன்றாக இருந்தது, முற்றியதாக இருக்கவேண்டும்.

இந்த மாதம் அதே முதல் கோர்னாஸில் 2021 இரண்டு வாங்கினேன். ஒன்றை மூன்று மணி நேரம் ஜாடியில் விட்டு, 17 டிகிரியில், வறுவலோடு இருவரும் குடித்தோம். நோட்டில் என் பக்கம் மிளகு, அவள் பக்கம் நாவல்பழம். இன்னொன்று கீழே நிலவறையில் படுத்திருக்கிறது. அதன் கழுத்தில் 2031 என்று எழுதி ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறேன்.