அக்னி வெயிலில் பார்த்த படங்கள்

வேலூர் வெயிலுக்கு அஞ்சிப் பகல் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்க நேர்ந்ததால், நெடுநாளாகத் தள்ளிப்போட்ட சில படங்களை இந்த வாரம் பார்த்து முடித்தேன்.

பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ (2021) இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. குடிகாரத் தந்தையும் பள்ளிச் சிறுவனும் பொட்டல் காட்டில் நடக்கிறார்கள், கதை அவ்வளவுதான். தாகத்துக்காக வாயில் அடக்கி வந்த கல்லைச் சிறுவன் வீட்டில் வைக்கும் இடத்தில் ஏற்கெனவே பல கற்கள் கிடப்பதைக் காட்டி, இந்த நடை அவனுக்குப் புதிதல்ல என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் இயக்குநர் உணர்த்திவிடுகிறார். குழியில் சிறுகச் சிறுக நீர் மொள்ளும் காட்சியில், பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய என் பாட்டி நினைவுக்கு வந்தார்.

வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யில் (2024) பின்னணி இசையே கிடையாது, எங்கள் மின்விசிறியின் கடகடப்புதான் இசையாயிற்று. அதன் முடிவு எனக்கு நிறைவளிக்கவில்லை. அதுவே சரியான முடிவு என்று என் மனைவி இரவுச் சாப்பாடு வரை வாதிட்டார்.

2023இல் ஆஸ்கர் வென்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்தில் முதுமலைக் காடும் குட்டியானை ரகுவும் கொள்ளை அழகு. ஆனால், அதை வளர்த்த பொம்மன், பெள்ளி இருவரின் அன்றாடப் பாடுகளை இன்னும் சற்று நேரம் காட்டியிருக்கலாம்.