காலை ஏழு, மாலை ஏழு: கோப்பியின் நாட்குறிப்பு

2024 நவம்பர் 3, ஞாயிறு

அதிகாலை நான்கு ஐம்பதுக்குச் சமையற்கட்டில் தகரம் உருளும் ஓசை கேட்டு எழுந்து போனேன். எங்கள் நாய் கோப்பி தன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தான். கழுத்து பின்னுக்கு வளைந்து, நான்கு கால்களும் கட்டை போல் விறைத்திருந்தன. சற்று நேரத்தில் விறைப்பு விட்டு, கால்கள் நீந்துவது போல் அடிக்கத் தொடங்கின. தாடை கடகடவென்று அடித்துக்கொண்டது, வாயோரம் நுரை திரண்டது, சிறுநீர் தானாகக் கழிந்தது. கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் நான் பெயர் சொல்லி அழைத்தது அவனுக்கு எட்டவேயில்லை.

என் பின்னால் வந்து நின்ற அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய், வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து வந்து அவனுடைய முன்னங்காலுக்கு அடியில் செருகினார். "இரும்பு பட்டால் நின்றுவிடும்" என்றார். இருபத்தாறு ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து வருபவள் நான். அந்த நேரத்தில் மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. சாவி பட்ட சில நொடிகளில் வலிப்பு நின்றும்போனதால் அம்மாவின் கட்சி வலுத்துவிட்டது.

எழுந்த பிறகு நடந்ததுதான் எனக்கு அதிக அச்சத்தைத் தந்தது. அவன் சுவரில் போய் முட்டினான், கதவுக்கும் ஐஸ் பெட்டிக்கும் இடையில் நுழைந்து திரும்பத் தெரியாமல் நின்றான், அரை மணி நேரம் சாப்பாட்டு மேசையை வலம் வந்தான். என்னைத் தெரிந்துகொண்டதற்கான அடையாளம் ஆறு மணிக்குத்தான் வாலில் தெரிந்தது.

2024 நவம்பர் 5, செவ்வாய்

பள்ளி விட்டதும் மருத்துவரிடம் கொண்டு போனேன். இரத்தச் சர்க்கரை, கால்சியம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கின்றன. கோப்பிக்கு வயது மூன்று. எடை 16 கிலோ. ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் முதல் வலிப்பு வந்து, சோதனைகளில் ஒரு குறையும் தென்படாமல், இரண்டு வலிப்புகளுக்கு இடைப்பட்ட நாள்களில் நாய் வழக்கம்போல் இருந்தால், அதைப் பெரும்பாலும் காரணம் அறியப்படாத வலிப்பு நோய் என்றே கொள்கிறார்களாம். ஒரே ஒரு வலிப்புக்காக மாத்திரையைத் தொடங்கும் வழக்கம் இல்லை, ஆறு மாதத்துக்குள் இன்னொன்று வந்தால் தொடங்கலாம் என்றார் மருத்துவர்.

அதுவரை செய்ய வேண்டியவற்றையும் சொன்னார். வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பார்ப்பவருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். மேசை நாற்காலிகளை நகர்த்தி வைத்து, விளக்கைக் குறைக்க வேண்டும். வாயருகே கையைக் கொண்டு போகவே கூடாது. நாய் நாக்கை விழுங்கிவிடும் என்பது வெறும் பேச்சு, கடிபடுவதோ உண்மை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். முடிந்தால் கைப்பேசியில் படம் பிடித்து வரச் சொன்னார். நேரம் குறிக்க ஒரு குறிப்பேடு போடச் சொன்னார். அதுதான் இது.

இரும்பைப் பற்றியும் கேட்டேன். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும் என்றார். சாவியைத் தேடி எடுத்து வர ஆகும் நேரமும் ஏறத்தாழ அதுவே என்பதை வீட்டுக்கு வரும் வழியில் கணக்கிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

2024 நவம்பர் 24, ஞாயிறு

இருபத்தொரு நாள் கழித்து மறுபடியும் வந்தது. மாலை ஐந்தே காலுக்கு, வாசலில், எல்லாரும் பார்க்கும்படியாக. ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

பக்கத்து வீட்டு மலாய் மாமா, பாக் சிக், வேலிக்கு அப்பால் நின்று, "சிக்கு (டீச்சர்), நாய்க்கு வெறியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. 2015ஆம் ஆண்டு பினாங்கில் வெறிநாய்க் கடி நோய் வந்து, தெருநாய்களைப் பிடித்துக் கொன்றதை இந்தத் தாமான் குடியிருப்பில் யாரும் மறந்துவிடவில்லை. நுரை தள்ளும் நாயைப் பார்த்தால் அந்த நினைவுதான் முதலில் வரும். தடுப்பூசி அட்டையை எடுத்து வந்து காட்டி, இது மனிதருக்கு வருவதைப் போன்ற வலிப்புதான், யாருக்கும் தொற்றாது என்று விளக்கினேன். அவர் அட்டையைக் கையில் வாங்காமலே படித்துப் பார்த்துவிட்டு, தம் அண்ணன் மகனுக்கும் சிறு வயதில் இது இருந்தது என்றார்.

இரவு படுக்கும்போது, காக்காய் வலிப்பு என்ற சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கால் கை வலிப்புதான் வழக்கில் மருவிக் காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள். மாணவர்களுக்குச் சொற்கள் மருவுவதைக் காட்ட எத்தனையோ முறை இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், ஒருமுறையும் அந்தக் காலையும் கையையும் கண்முன் கொண்டுவந்து பார்த்ததில்லை.

2024 நவம்பர் 25, திங்கள்

பினோபார்பிட்டால் தொடங்கியாயிற்று. 30 மில்லிகிராம் மாத்திரையில் ஒன்றரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. 1912 முதல் மனிதர்களின் வலிப்புக்குக் கொடுக்கப்பட்டுவரும் மருந்து என்று கேட்டதும், "என்னைவிட மூத்ததா?" என்று அம்மா கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் நினைத்த கடையில் வாங்க முடியாது, மருத்துவரிடம்தான் பெற வேண்டும். நேரம் தவறக் கூடாது; நாமாகத் திடீரென்று நிறுத்தினால் நிறுத்தியதாலேயே வலிப்பு வரும். இந்தக் கடைசி வாக்கியத்தை மருத்துவர் இரண்டு முறை சொன்னார்.

காலை ஏழு, மாலை ஏழு என்று வைத்துக்கொண்டோம், ஏனென்றால் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைக்கும் காலை ஏழுதான் நேரம். இருவருக்கும் ஒரே வாழைப்பழத்திலிருந்து ஆளுக்கொரு துண்டு.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

குடித்தவன் போல் நடக்கிறான். பின்னங்கால்கள் ஒன்றையொன்று தடுக்குகின்றன, படியிறங்கும்போது மூன்றாம் படியில் உட்கார்ந்துவிடுகிறான். தாகமும் பசியும் அளவு கடந்துவிட்டன. நேற்று மாலை அம்மா ஆற வைத்திருந்த ஆறு மசால்வடைகளில் நான்கைத் தின்றுவிட்டான். அவற்றில் வெங்காயம் இருந்ததால், அது நாய்க்கு ஆகாது என்று பதறி மருத்துவரை அழைக்க வேண்டியதாயிற்று. இரவில் இரண்டு முறை வெளியே அழைத்துப் போகாவிட்டால் பாய் நனைந்துவிடும். தள்ளாட்டமும் தூக்கமும் ஒன்றிரண்டு வாரத்தில் குறையும், பசியும் தாகமும் ஓரளவு நிலைக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

2024 டிசம்பர் 10, செவ்வாய்

மருந்து உடம்பில் ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால் இன்று இரத்தம் எடுத்தார்கள். ஒரு மில்லிலிட்டரில் 21 மைக்ரோகிராம். 15க்கும் 40க்கும் இடையில் இருக்க வேண்டியது. ஈரலையும் இனி அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். இது போதாமற்போனால் பொட்டாசியம் புரோமைடைச் சேர்ப்பார்களாம். அதைத் தொடங்கினால் உணவில் உப்பின் அளவு ஒரே சீராக இருக்க வேண்டும், கூடினால் மருந்து உடம்பிலிருந்து விரைவாக வெளியேறிவிடும். அம்மா திருட்டுத்தனமாகப் போடும் நெத்திலிக் கருவாட்டைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஐம்பத்தொரு நாளாக ஒன்றுமில்லை. கோப்பி கரும்புச் சக்கையை வாசல் முழுவதும் பரப்பி வைத்தான்.

2025 ஜனவரி 31, வெள்ளி

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். தவறு முழுவதும் என்னுடையது என்பதால் எழுதுகிறேன்.

டிசம்பர் 30ஆம் தேதி தொண்ணூறு மாத்திரை வாங்கினேன். வேளைக்கு ஒன்றரை வீதம் முப்பது நாளைக்குத்தான் வரும் என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஒன்றரையை ஒன்றாக மனத்தில் போட்டுக்கொண்டு, பிப்ரவரி நடுப்பகுதி வரை கவலையில்லை என்று இருந்துவிட்டேன். பாதிகளை முன்கூட்டியே வெட்டி ஒரு மிட்டாய் டின்னில் போட்டு வைப்பது வழக்கம். குலுக்கினால் நிறைய இருப்பது போலவே ஒலிக்கும். செவ்வாய் மாலை ஏழு மணிக்கு டின்னைக் கவிழ்த்தபோது மூன்று பாதிகளும் கொஞ்சம் வெள்ளைத் தூளும் விழுந்தன. அன்று சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள். கால்நடை மருந்தகம் நண்பகலிலேயே மூடியாயிற்று, திறப்பது பிப்ரவரி 3ஆம் தேதி. மறுநாள் வேறு மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் கேட்டேன். இரண்டில் யாரும் எடுக்கவில்லை, ஒன்றில் நாயை நேரில் பார்க்காமல் இந்த மருந்தைத் தர முடியாது என்றார்கள். நேரில் கொண்டு போயிருக்க வேண்டும். பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போக வேண்டும், பண்டிகை நெரிசல், இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசி வேளை கொடுத்த 54 மணி நேரத்தில், இன்று அதிகாலை ஒன்றே காலுக்கு, முதல் வலிப்பு வந்தது. இரண்டு நிமிடம். முழு நினைவுக்குத் திரும்பாமலே மூன்று ஐந்துக்கு இரண்டாவது. துண்டில் சுற்றி அவனைத் தூக்கிக் காடியின் பின்னிருக்கையில் கிடத்தினேன். அம்மா இரவு உடையோடு அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். குளிர்காற்றை உச்சத்தில் வைத்து, ஈரத் துணியால் அவன் வயிற்றையும் பாதங்களையும் துடைத்துக்கொண்டே வரச் சொன்னேன். தொடர்ந்து தசை இழுப்பதால் உடம்பு அடுப்பாகக் கொதிக்கும் என்பதைப் படித்திருந்தேன்; கை வைத்த பிறகுதான் அதன் பொருள் விளங்கியது.

பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தில், நடுக்கடலில், மூன்றாவது வந்தது. பாலத்தில் நிறுத்த இடமில்லை. கண்ணாடியில் அம்மாவின் முகம் மட்டுமே தெரிந்தது. "நீ ரோட்டைப் பார்" என்றார். அவன் கால்கள் கதவில் அடிக்கும் ஓசையை எண்ணிக்கொண்டே ஓட்டினேன், ஏனென்றால் கடிகாரத்தைப் பார்க்க முடியவில்லை.

தீவிலுள்ள கால்நடை மருத்துவமனையில் நரம்பில் ஊசி போட்டு நிறுத்தினார்கள். உடல் வெப்பம் 40.6 டிகிரி செல்சியஸ். அந்த இளம் மருத்துவர் என்னைத் திட்டவில்லை. எத்தனை வேளை தவறியது என்று மட்டும் கேட்டார். நான்கு என்றேன். எழுதிக்கொண்டார். வீட்டில் அவசரத்துக்கு வைத்துக்கொள்ள, ஊசிமுனை இல்லாத குழலில் ஆசனவாய் வழியே செலுத்தும் டயசெபாம் என்ற வலிப்படக்கும் மருந்தும், அதைச் செலுத்தும் முறையும், ஒரு மாதத்துக்கான மாத்திரையும் தந்தார்.

2025 பிப்ரவரி 5, புதன்

இன்றிரவு ஹொக்கியன் சீனர்கள் வானத்தரசரை வணங்கும் இரவு. எதிர்வீட்டு ஆன்ட்டி மாலையிலேயே வந்து, சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பட்டாசு, அரை மணி நேரத்துக்கு மேல் போகாது, உன் நாயைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டு மேசையின் இரு பக்கமும் தோகையோடு முழுக் கரும்பு கட்டியிருந்தார்கள். அவர்களின் முன்னோர் எதிரிகளிடமிருந்து தப்பிக் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து பிழைத்த கதையின் நினைவாக. மூன்று வாரத்துக்கு முன் எங்கள் வாசலிலும் கரும்புதான் நின்றது.

பட்டாசுச் சத்தம் இந்த நோயைத் தருவதில்லை. ஆனால் அச்சமும் தூக்கக் கேடும் சில நாய்களில் வலிப்பைத் தூண்டலாம் என்பதால், நடு அறையில் சன்னல்களை அடைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, மின்னல் எஃப்எம் வானொலியைச் சற்று உரக்க வைத்தோம். கோப்பி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் குறட்டை விட்டான். தூங்காமல் இருந்தது நாங்கள் இருவரும்தான்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். அம்மா தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குத் தம்பியோடு போனார். யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் நான் தங்கிவிட்டேன். இரவு அம்மாவைக் கொண்டுவந்து விட்ட தம்பி, "அக்கா, கோவிச்சுக்காதே. ஊசி போட்டு அனுப்பிடலாமே, அதுவும் பாவம்தானே" என்றான். அவன் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் வலிப்பின்போது கோப்பிக்கு நினைவு இருப்பதில்லை. அதைப் பார்த்துத் துடிப்பவள் நான். எனக்குத் தாங்கவில்லை என்பதற்காக அவனை எப்படி அனுப்புவது? அடுத்தடுத்து வந்து நிற்காத நிலை வந்தால், அல்லது இடையிலுள்ள நாள்களும் அவனுடையதாக இல்லாமற்போனால், அப்போது பேசுவோம் என்றேன். தம்பி கோப்பியின் காதைச் சொறிந்துவிட்டுப் போனான்.

2025 மார்ச் 16, ஞாயிறு

நாற்பத்து நான்காம் நாள். காலை ஆறு இருபதுக்கு, சமையற்கட்டில், முதல் முறை கிடந்த அதே இடத்தில். வலிப்பே வராமல் செய்துவிடலாம் என்று மருத்துவர் ஒருநாளும் சொன்னதில்லை. இடைவெளி நீள வேண்டும், வலிப்பு குறுக வேண்டும் என்றுதான் சொன்னார்.

நான் குளியலறையிலிருந்து ஓடி வருவதற்குள் அம்மா நாற்காலியை ஒதுக்கி, விளக்கை அணைத்திருந்தார். இடக்கையில் சாவிக்கொத்து, வலக்கையில், மூக்குக்கு மிக அருகில், என் கைப்பேசி. குழலை எடுக்கவா என்றேன்.

"வேண்டாம். ஒரு நிமிஷம் பத்து விநாடி. எழுதிக்கோ."