கடலோர வீட்டில் எறும்பு: மருந்தைக் குறைத்த பிறகுதான் கூடு அடங்கியது

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் நிரப்பியிருப்பது மணல். மேலே பூசிய சிமெண்டில் மயிரிழை அளவு விரிசல் விட்டாலே எறும்புக்குப் போதும். காலையில் சுவரோரம் ஒரு சிட்டிகை மணல் குவிந்திருந்தால் அதுதான் வாசல். அடுப்படி மேடையில் நாம் பார்க்கும் வரிசை அந்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். ராணியும் முட்டையும் புழுக்களும் கீழே பத்திரமாக இருக்கின்றன. ஸ்ப்ரே அடித்தாலும் பூச்சி சாக்பீஸால் கோடு போட்டாலும் சாவது வெளியே வந்தவை மட்டும். இரண்டு நாளில் வேறு விரிசல் வழியாக வரிசை திரும்பிவிடும்.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. வெளிர் மஞ்சளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடி எறும்பு இருக்கிறதே, அதன் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். ஸ்ப்ரேயால் கலைத்தால் ஆளுக்கொரு ராணியோடு பிரிந்து நாலு இடத்தில் கூடு போட்டுவிடும். அடுப்படியில் இருந்த தொல்லை படுக்கையறைக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் பரவுவது இப்படித்தான்.

ஆகவே முதல் வேலை, வந்திருப்பது எதைத் தின்னும் கூட்டம் என்று பார்ப்பது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையில் இரண்டு சொட்டு சீனிப்பாகு, மறு முனையில் எண்ணெய் தொட்ட நெத்திலித் தூள் ஒரு சிட்டிகை வைத்து, வரிசைக்குப் பக்கத்தில் போட வேண்டும். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிள்ளையார் எறும்பு பெரும்பாலும் பாகுப் பக்கம் போகும். கடிக்கிற சிவப்புச் சித்தெறும்பு மீனையும் எண்ணெயையும் விடாது. கூட்டில் புழுக்கள் அதிகமாக இருக்கும் சமயத்தில் இனிப்புத் தின்னும் கூட்டமும் புரதம் தேடும் என்பதால், மாதம் மாறினால் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது. கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பில் வெல்லமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்திருப்பதால் இரண்டு கூட்டமும் மொய்க்கும். அதை வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது.

இனிப்புக்கு வருபவற்றுக்கான கலவை: கொதித்து ஆறிய தண்ணீர் 100 மில்லி, சீனி இரண்டு தேக்கரண்டி (தலைதட்டி), போரிக் பவுடர் கால் தேக்கரண்டி, அதாவது சுமார் 1 கிராம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலக்கினால் அடியில் தங்காமல் கரையும். கேரம் போர்டுக்குத் தூவும் பவுடர்களில் பல போரிக்தான், ஆனால் வேறு மாவில் செய்ததும் விற்கிறது. லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். போரிக்குக்குப் பதில் நாட்டு மருந்துக் கடை வெங்காரம் (போராக்ஸ்) என்றால் ஒன்றரை கிராம் போட வேண்டும். பொரித்த வெங்காரம் வேண்டாம். அது நீர் வற்றியது, அளவும் மாறும், எளிதில் கரையவும் கரையாது.

அளவில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. விஷம் கூடினால் சீக்கிரம் சாகும் என்று இரண்டு மூன்று கரண்டி கொட்டினால், தின்ற எறும்பு கூடு போய்ச் சேருமுன்னே வழியில் செத்துவிடும், அல்லது கிட்டவே வராது. நூற்றுக்கு ஒரு பங்கு என்றால் இரண்டு மூன்று நாள் உயிரோடு நடமாடும். வேலைக்கார எறும்பு வயிற்றில் கொண்டுபோன பாகை வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டும். அப்படிக் கை மாறி மாறித்தான் மருந்து ராணி வரை போகிறது.

கடல்காற்று இந்தக் கலவையைப் படுத்தும் பாடு தனி. பஞ்சில் நனைத்துத் திறந்து வைத்தால் மத்தியானத்துக்குள் காய்கிறது. தண்ணீர் போய் மருந்து மட்டும் தங்குவதால், நாம் பார்த்துப் பார்த்துக் குறைத்த அளவு தானாகக் கூடிவிடும். இதற்குச் சரியாக வந்த வழி: குளிர்பான உறிஞ்சுகுழலை விரல் நீளத்துக்கு வெட்டி, உள்ளே பஞ்சைத் தளர்வாகத் திணித்து, கலவையில் ஊறவைத்து, சிலிண்டருக்குப் பின்னால் காற்றுப் படாத நிழலில் கிடத்துவது. பஞ்சை இறுக்கித் திணித்தால் பாகு வாய்க்கு வராது. தினமும் சாயங்காலம் புதிதாக மாற்ற வேண்டும். போரிக் பவுடரை அப்படியே மூலையில் தூவுவது இங்கே பயனில்லை. ஈரக் காற்றில் கட்டி தட்டிவிடும், காலில் ஒட்டாது.

மீன் பக்கம் போகும் கூட்டத்துக்கு: நெத்திலித் தூள் மூன்று மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, போரிக் கால் தேக்கரண்டி. உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலியாக இருக்க வேண்டும், உப்புக் கருவாடு ஈரம் உறிஞ்சிச் சொதசொதத்துவிடும். இதைத் திறந்து வைக்கவே கூடாது; பூனையும் கோழியும் வந்துவிடும். மூடியுள்ள டப்பாவின் அடிப்பக்கம் ஆணியால் நாலு துளை போட்டு உள்ளே வைத்தால் எறும்பு மட்டும் நுழையும். கலவை எதுவானாலும் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. கலக்கிய கரண்டியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

வைத்த அன்று வரிசை இரண்டு மடங்காகும். பார்க்கப் பதறும், ஆனால் வேண்டியது அதுதான். அந்த நேரத்தில் துடைப்பதோ மிதிப்பதோ கூடாது, பக்கத்தில் வேறு தின்பண்டமும் கிடக்கக் கூடாது. மூன்றாம் நான்காம் நாளில் வரிசை மெலிந்து, நடை தள்ளாடுவது தெரியும். ஒரு வாரத்தில் ஆளே இல்லை என்று எடுத்துவிடுபவர்கள் அதிகம். கூட்டுப்புழுக்கள் எதையும் தின்பதில்லை, அவற்றுக்கு மருந்து சேராது. அவை பொரிந்து வெளியே வரும்போது தின்ன மருந்து இருக்க வேண்டும் என்பதால் இரண்டு மூன்று வாரம் விடாமல் வைக்க வேண்டும்.

வரிசை முழுக்க நின்ற பிறகே சோப்புத் தண்ணீரால் துடைத்து வாசனைத் தடத்தை அழிப்பது, விரிசலுக்கு வெள்ளை சிமெண்ட் அடைப்பது. முதலிலேயே அடைத்தால் அடுத்த விரிசலைத் திறந்துகொள்ளும். மஞ்சள், பெருங்காயம், முண்டு மிளகாய்ப் பொடி எல்லாம் வரிசையைத் திருப்பிவிடும், அவ்வளவுதான். மருந்து வைத்திருக்கும் நாளில் இவற்றைத் தூவினால் மருந்துக்கே எறும்பு வராது.

கருவாடு, கருப்பட்டி வைத்த அலமாரியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பழைய வழி, நல்ல வழியும்கூட. இங்கே காற்றில் வரும் தூசு தண்ணீர் மேல் ஆடைபோலப் படிந்து பாலமாகிவிடுகிறது. இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் கால் வைத்த எறும்பு மூழ்கும். வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு அது தொட்டில். அலமாரி சுவரில் சாய்ந்திருந்தால் கிண்ணம் வைத்தும் வீண். நாலு விரல் தள்ளி நிற்கட்டும். உறியில் தொங்கும் கருவாட்டுக்குக் கம்பியில் அரைச் சாண் நீளத்துக்கு கிரீஸ்.

முற்றத்துச் சித்தெறும்புப் புற்றுக்கு வெந்நீர் ஊற்றுபவர்கள் உண்டு. மணலில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராக இறங்கிவிடுவதால் ஒரு குடம் ஊற்றினாலும் பாதிக் கூடு தப்பிவிடும். மேலே சொன்ன போரிக் கலவையே மேல். அந்தச் சாக்பீஸ், ஸ்ப்ரே வகைகள் பலவற்றில் இருக்கும் மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். கழுவிய தண்ணீரை ஓடையில் விடவே கூடாது. செம்பருத்தி, கொய்யாக் கிளையில் மாவுப்பூச்சி இருந்தால் அது விடும் தேன்போன்ற இனிப்பு நீருக்காக எறும்பு அங்கேயே தங்கும். சுவரைத் தொடும் கிளையை ஒரு முழம் விட்டு வெட்டி, பூச்சி பிடித்த நுனியையும் ஒடித்துப் போட வேண்டும். கொடிக்கயிறும் கேபிள் வயரும் அதே வேலையைச் செய்யும் பாலங்கள்.

ஐப்பசி மழை இறங்கினால் வெளியே இருக்கும் கூடெல்லாம் நனைந்து வீட்டுக்குள் ஏறும். புரட்டாசிக் கடைசியிலேயே அஸ்திவார ஓரம், மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து, பத்தடிக்கு ஒரு குழல் வைத்துவிடுங்கள்.