"இந்தப் படம் என்னிக்கு எடுத்தது?": ஜிஐஎஸ் ப்ராக்டிகலும் ப்ராஜெக்ட் வைவாவும்

ரிசல்ட் போன வாரம் வந்தது. ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) ப்ராக்டிகல், ப்ராஜெக்ட் வைவா (வாய்மொழித் தேர்வு) இரண்டிலும் நல்ல மதிப்பெண். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், அடுத்த செமஸ்டர் எழுதப்போகிறவர்களுக்கு உதவும். தியரி பேப்பருக்கும் ரெக்கார்டுக்கும் சீனியர்களின் நோட்ஸ் போதும், அதற்குள் போகவில்லை. ப்ராஜெக்டுக்குச் சரணாலயம், ஈரநிலம், பறவை வாழிடம் என்று எடுத்தவர்களுக்கு மட்டும் இது. புதுவையிலும் கடலூரிலும் படிப்பவர்களில் பாதிப் பேர் ஊசுட்டேரி, மீதிப் பேர் பிச்சாவரம் என்றுதான் எடுக்கிறோம்.

என் வைவாவில் எக்ஸ்டர்னலாக (வெளித் தேர்வாளராக) வந்த மேடம் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் லெஜண்டைப் பார்க்கவில்லை, ஸ்கேலைப் பார்க்கவில்லை. நீல நிறத்தில் இருந்த ஏரியின் மேல் பேனா முனையை வைத்து, "இந்தப் படம் என்னிக்கு எடுத்தது?" என்றார். தேதி சொன்னேன். "அன்னிக்கு மழை முடிஞ்சு எத்தனை நாள்?" அதையும் சொன்னேன். "கோடையில இந்த ஏரி எங்க வரைக்கும் இருக்கும்?" அடுத்த தாளைத் திருப்பி மே மாதப் படத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்தது கேள்வி பதில் இல்லை, பேச்சு. எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்த இரண்டாவது தாளுக்குத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வரைபடத்தின் ஒவ்வொரு லேயருக்கும் (தரவு அடுக்குக்கும்) ஒரு தேதி உண்டு. அது உங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏரி நிரம்பித் ததும்புவது மார்கழி, தை. வலசைப் பறவைகள் வருவதும் அதே சமயம். சித்திரை, வைகாசியில் அதே ஏரியின் பாதியில் மாடு மேயும். ஆனால் மேகமில்லாத படம் வேண்டும் என்று தேடினால் மார்ச்சுக்குப் பிந்தைய படங்கள்தான் சுலபமாகக் கிடைக்கும். அதை எடுத்து 'நீர்ப்பறவை வாழிடம்' என்று எழுதினால், பறவைகள் ஊருக்குத் திரும்பிய பிறகு காலி வீட்டை அளந்த மாதிரி.

அதற்காக மழை முடிந்ததும் கிடைக்கும் முதல் படத்தில் பாய்ந்துவிடாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையும் கரை புரண்டது. அந்த டிசம்பர் தொடக்கத்துப் படத்தை வைத்து நீர்ப்பரப்பைக் கணக்கிட்டால் நெல் வயல், தெரு, காலி மனை எல்லாம் ஈரநிலமாகிவிடும். சொல்ல வந்தது வெள்ளம் என்றால் அந்தப் படம் சரி. வாழிடம் என்றால் ஜனவரிக் கடைசி, பிப்ரவரி முதல் வாரம்தான் என் தேர்வு. மழைக்காலத்துப் படமே வேண்டும் என்றால் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படம். அதற்கு மேகம் தடையில்லை.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படக் கோப்பின் பெயரிலேயே எட்டு இலக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் இருக்கும். அதை ஒட்டி வரும் நேரம் உலகப் பொது நேரம், ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். நம் கடற்கரைக்குக் கிட்டத்தட்ட எப்போதும் காலை பத்தரையை ஒட்டியே வரும். இதைப் பிச்சாவரத்துக்கு வரும்போது மறுபடி எடுக்கிறேன். அதே பெயரில் ஆங்கில 'என்' (N) எழுத்தோடு நான்கு இலக்கம் வரும், படத்தைச் செயலாக்கிய பதிப்பு எண் அது. அது 0400 அல்லது அதற்கு மேல் என்றால் பிக்சல் மதிப்பில் 1000 கழித்துவிட்டுத்தான் நீர், செடி போன்றவற்றைக் காட்டும் குறியீட்டை (இண்டெக்ஸ்) கணக்கிட வேண்டும். 2022 ஜனவரி 25 முதல் வந்த மாற்றம் இது. கழிக்காமல் பழைய படத்தோடு ஒப்பிட்டால் ஏரி சுருங்கியதா, கணக்கு சுருங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊசுட்டேரி எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

முதலாவது, ஏரி புதுச்சேரிக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் நடுவில் கிடக்கிறது. புதுச்சேரி தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, தமிழ்நாடு தன் பகுதியைப் பின்னர் அறிவித்தது. ஆகவே ஒரே ஏரி, இரண்டு அறிவிக்கை, இரண்டு வனத்துறை. நீரின் ஓரத்தை வரைந்துவிட்டு அதைச் சரணாலய எல்லை என்று சொல்லாதீர்கள். எல்லை அரசிதழில் சர்வே எண்களால் எழுதப்படும், நீர் ஏறினாலும் வற்றினாலும் அது நகராது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் பிரிவு 18 அரசின் எண்ணத்தை அறிவிப்பது, 26ஏ இறுதியாக அறிவிப்பது. உங்களிடம் இருப்பது எது என்று வைவாவில் கேட்பார்கள். சுற்றியுள்ள சூழல் உணர்திறன் மண்டலத்துக்கு அறிவிக்கை வந்திருந்தால் அதன் பின்னிணைப்பில் எல்லைப் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை அட்டவணை இருக்கும். பாகை, கலை, விகலையைத் தசமமாக்கிப் புள்ளி போட்டுக்கொள்ளலாம். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம்) யாரோ வரைந்த எல்லை கிடைக்கும்தான். அதைப் பயன்படுத்தினால் 'ஓஎஸ்எம் எல்லை, இன்ன தேதியில் இறக்கியது' என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, செடி. கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கும், நீரின் மேல் ஆகாயத்தாமரையும் படர்ந்த இடம் நீரைக் காட்டும் குறியீடான என்டிடபிள்யூஐ-யில் நிலமாகத்தான் வரும், அடியில் ஆள் முழுகும் ஆழம் இருந்தாலும். இலை அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் மதிப்பு எதிர்மறைக்குப் போய்விடும். நான் செய்தது: 1984-இலிருந்து அமெரிக்க லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் எந்த பிக்சலில் எத்தனை அடிக்கடி நீர் தெரிந்தது என்று காட்டும் உலக நீர்ப்பரப்பு லேயரை அடியில் போட்டேன். பல வருடம் நீராக இருந்த இடம், இந்த ஜனவரியில் பச்சை. அதைத் தனி வகுப்பாக்கி 'நீர்மேல் செடி' என்று பெயர் வைத்தேன். பிறகு கரையில் நடந்து புள்ளிகளைச் சரிபார்த்தேன். நாமக்கோழிகளும் தாழைக்கோழிகளும் அந்த ஓரத்தில்தான் திரிந்தன. வாழிட வரைபடத்தில் அந்தப் பட்டையை விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

பிச்சாவரம் எடுப்பவர்களுக்கு: வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் அந்தக் காட்டில் தேதி மட்டும் போதாது, ஓதமும் (கடல்நீரின் ஏற்ற இறக்கமும்) வேண்டும். செயற்கைக்கோள் பத்தரைக்கு வருகிறது, கடல் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு படத்தில் சேற்றுத்திட்டு இருக்கும், இன்னொன்றில் அதே இடம் நீர். படகோட்டி அண்ணன் ஒருவரிடம் என் வரைபடத்தைக் காட்டியபோது ஒரு வாய்க்காலில் விரலை வைத்து, "இது வத்தத்துல எடுத்ததா தம்பி? ஏத்தத்துல இங்க படகு போவும், இப்ப போனா தட்டும்" என்றார். ஓத அட்டவணையில் பார்த்தேன், அவர் சொன்னது சரி. பெரிய மென்பொருள் எதுவும் தராத தகவல் அது. நன்றியுரையில் அவரையும் குறிப்பிட்டேன்.

மீன்முள் வாய்க்கால் பற்றிக் கேட்பார்கள், தயாராக இருங்கள். முன்பு கண்டல் (அலையாத்தி) மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் காய்ந்து தரை தாழ்ந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பு ஏறி, செடி முளைக்காமல் போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து ஒரு முதன்மை வாய்க்காலும் இருபுறம் கிளைகளுமாக வெட்டி நீரை ஓட விட்டு, கண்டலை மீட்டார்கள். பத்து மீட்டர் பிக்சலில் கிளை வாய்க்காலைத் தேடாதீர்கள். கூகுள் எர்த்தின் கூர்மையான படத்தில் மீன்முள் அப்படியே தெரியும், அதைப் பார்த்துக் கையால் வரையுங்கள். பழைய படம் தேடும்போது லாண்ட்சாட்-7 என்றால் 2003 மே மாத இறுதிக்குப் பிந்தையவற்றில் கோடு கோடாக வெற்றிடம் இருக்கும். சுனாமிக்கு முன், பின் என்று ஒப்பிட நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

பச்சை எல்லாம் காடு இல்லை. கடலூர்க் கடற்கரையில் சவுக்குத் தோப்பு, பண்ருட்டிப் பக்கம் முந்திரி, எங்கும் தென்னை. உலக அளவில் தயாரித்த ஆயத்த நிலப்போர்வை லேயர்கள் இவை எல்லாவற்றையும் 'மரப்போர்வை' என்று ஒரே நிறத்தில் தரும். சவுக்கை மூன்று முதல் ஐந்து வருடத்தில் வெட்டிவிடுவார்கள், அதனால் இரண்டு வருடப் படங்களுக்கு இடையில் 'காடழிப்பு' தெரிந்தால் அது அறுவடையாக இருக்கலாம். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல் முந்திரியையும் பலாவையும் எப்படிச் சாய்த்தது என்று இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். அதற்கு முந்தைய நிலப்பயன்பாட்டு வரைபடத்தை இன்றைய நிலவரம் என்று வைத்தால், உள்ளூர்க்காரர் எக்ஸ்டர்னலாக வந்தால் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

தடங்கள் பற்றிச் சுருக்கமாக: ஓஎஸ்எம்மில் ஹைவே டேக்கின் கீழ் பாத், ட்ராக், ஃபுட்வே மூன்றையும் எடுங்கள். கடைசியாகத் திருத்திய தேதியையும் அட்ரிபியூட் டேபிளில் (விவர அட்டவணையில்) வைத்துக்கொள்ளுங்கள். பிச்சாவரத்தில் தடம் என்பதே வாய்க்கால்தான், ஆகவே வாட்டர்வேயையும் சேருங்கள். கூடு கட்டும் இடங்களின் துல்லியப் புள்ளியை மட்டும் யாருக்கும் கொடுக்கும் கோப்பில் வைக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

ப்ராக்டிகல் அன்று மனதில் இருக்க வேண்டியவை:

– நம் பகுதி மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு ப்ரொஜெக்‌ஷன், அதன் எண் ஈபிஎஸ்ஜி 32644. பரப்பளவு இதில்தான், பாகையில் அளக்கும் 4326-இல் இல்லை.
– புதுவை நகருக்கு ஈஸ்டிங் சுமார் 3,72,000, நார்திங் சுமார் 13,19,000. இதற்கு வெகுதூரத்தில் எண் வந்தால் ப்ரொஜெக்‌ஷன் தப்பு.
– பத்து மீட்டர் பிக்சல் 100 சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். கணினி சொன்ன பரப்பை இதை வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.
– டோப்போ ஷீட் (நில அமைப்பு வரைபடத் தாள்) எண்: புதுவை நகர் 58எம்/13, பிச்சாவரம் 58எம்/15.
– வளிமண்டலத் தாக்கம் நீக்கிய எல்2ஏ படம் மட்டும்.
– கோப்புப் பெயர் தேதியில் தொடங்கட்டும்.

பயிற்சிக்கு ஒரு யோசனை. நம் எல்லைத் தரவு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும். மென்பொருளில் கை பழக அமெரிக்காவின் பாதுகாக்கப்பட்ட நிலங்களைத் தொகுத்த பாட்-யூஎஸ் தரவை இறக்கிப் பாருங்கள். அந்நாட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனமான யூஎஸ்ஜிஎஸ் இலவசமாகத் தருகிறது. அங்கே மாநிலங்கள் நடத்தும் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் பலவற்றில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அனுமதி உண்டு, நம் சரணாலயத்தோடு அவற்றை ஒன்றாக வைக்க முடியாது. ஒவ்வொரு நிலத்துக்கும் கேப் ஸ்டேட்டஸ் என்று 1 முதல் 4 வரை பாதுகாப்பு நிலை கொடுத்திருப்பார்கள். அந்த அட்ரிபியூட்டை வைத்து வடிகட்டவும் நிறம் பிரிக்கவும் பழகினால் போதும், பிறகு எந்தத் தரவைக் கொடுத்தாலும் கை நடுங்காது.

நான் மெதுவாக வேலை செய்கிற ஆள். கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. கணினி நிரல் எழுத வருபவர்கள் கூகுளின் எர்த் எஞ்சினில் பத்து வருடப் படங்களை ஒரே இரவில் அலசிவிடலாம், அவர்களுக்கு என் வழி இழுவையாகத் தோன்றும். ஆனால் அவர்களும் பல தேதிப் படங்களின் நடுமதிப்பால் ஒரே படமாக்கும் மீடியன் காம்போசிட் எடுத்துவிட்டு 'ஒரு வருடப் படம்' என்று சொல்லாமல், எந்தெந்த மாதங்கள் உள்ளே இருக்கின்றன என்று எழுதிவைக்கட்டும். வருடம் முழுவதையும் கலந்து எடுத்த மீடியனில் தை மாத ஏரியும் இல்லை, வைகாசி ஏரியும் இல்லை.

லேபில் நெட் நம்பகமில்லை. இரண்டு பருவப் படங்களையும் எல்லைக் கோப்பையும் முதல் நாளே பென்டிரைவில் ஏற்றி, இன்னொரு பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். வைவாவுக்கு ஈரக்கால வரைபடத்தை மேலே வையுங்கள், வறட்சிக்கால வரைபடத்தை அதற்கு அடியில். இரண்டிலும் தேதியைத் தலைப்புக்குக் கீழேயே பெரிய எழுத்தில் போடுங்கள், மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம்.