‘லுக் ஃபோர்வர்ட் டு’வுக்கு அப்புறம் என்ன எழுதுவது?

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் பரீட்சையின் ஜெனரல் ட்ரெய்னிங் பிரிவில், எழுத்துத் தேர்வின் முதல் கேள்வி கடிதம். குறைந்தது 150 சொற்கள். அதை 20 நிமிடத்தில் முடித்தால்தான் இரண்டாவது கேள்வியான கட்டுரைக்கு 40 நிமிடம் கிடைக்கும். வெள்ளவத்தையில் நான் படித்த வகுப்பில் ஒருவர் கடிதத்தை இன்னொருவர் திருத்துவோம். ஆசிரியருக்கு எழுதும் கடிதம் என்றால் பலருடைய கடைசி வரி இதுதான்: ‘ஐ ஆம் லுக்கிங் ஃபோர்வர்ட் ஃபோர் த நெக்ஸ்ட் லெசன்.’

மனதில் ‘அடுத்த வகுப்புக்காகக் காத்திருக்கிறேன்’ என்று ஓடுகிறது. காத்திருக்க ‘வெயிட் ஃபோர்’ என்பதால் அந்த ‘ஃபோர்’ இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்கிறது. லுக் ஃபோர்வர்டோடு வருவது ‘டு’.

சரி, ‘டு’ போட்டாயிற்று. கூடுதலாகச் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். ‘டு கோ’, ‘டு ஈட்’ என்று சின்ன வகுப்பிலிருந்தே எழுதிய கை, ‘டு அட்டென்ட்’ என்று தானாகவே எழுதிவிடும். வரவேண்டியது ‘டு அட்டென்டிங்’. சந்தேகம் வந்தால் வினையைத் தூக்கிவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு இட்’ ஒழுங்காக நிற்கிறது. அப்படியென்றால் அது பெயர்ச்சொல்லுக்குரிய இடம். அங்கே வினை வந்தால் ‘இங்’ சேர்க்க வேண்டும். ‘ஐ வான்ட் டு இட்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆகவே அங்கே வெறும் ‘அட்டென்ட்’. ‘ஒப்ஜெக்ட் டு’ போன்றவற்றுக்கும் இதே சோதனை பிடிக்கும். இலக்கணப் புத்தகத்தில் பட்டியலைப் பாடமாக்குவதைவிட எனக்கு இது வசதியாக இருந்தது.

தொனியையும் கவனியுங்கள், அதற்கும் புள்ளி உண்டு. ‘டியர் சேர் ஒர் மேடம்’ என்று தொடங்கினால் ‘ஐ லுக் ஃபோர்வர்ட்’ பொருந்தும். தெரிந்த ஆசிரியர் என்றால் ‘ஐ ஆம் லுக்கிங்’ நெருக்கமாக இருக்கும். நண்பருக்கு ‘ஐ கான்ட் வெயிட் ஃபோர் த நெக்ஸ்ட் க்ளாஸ்’ என்றே எழுதலாம். அங்கே ‘ஃபோர்’ சரி. ‘அப்கமிங் லெசன்ஸ்’ பிழையில்லை, ஆனால் அறிவித்தல் பலகை வாசம் அடிக்கும். ‘த நெக்ஸ்ட் ஃபியூ லெசன்ஸ்’ இயல்பாக இருக்கும்.

இன்னொன்று, ‘நெக்ஸ்ட் வீக்’. ‘அடுத்த கிழமை வருவேன்’ என்பதற்கு ‘ஐ வில் கம் நெக்ஸ்ட் வீக்’ போதும். முன்னால் ‘ஒன்’, ‘த’ எதுவும் வேண்டாம். பாடத்தைச் சொல்லும்போது மட்டும் ‘இன் த நெக்ஸ்ட் லெசன்’ என்று ‘இன்’, ‘த’ இரண்டையும் போட்டு எழுதுங்கள்.