நோன்புக்கு முன்

பெப்ரவரி 26, 2024, திங்கள்
வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே கிளிப். 28 செக்கன். குர்ஆனின் சூரா நிஸா 34ஆம் வசனம் 'அர்ரிஜாலு கவ்வாமூன', ஆண்கள் பெண்களுக்குப் பொறுப்பாளர்கள், என்று தொடங்குகிறது. சிலரைவிடச் சிலரை அல்லாஹ் மேன்மையாக்கியதால் என்று 'அலா பஃளின்' வந்ததும் வெட்டிவிட்டார்கள். அதற்கடுத்தது 'வபிமா அன்ஃபகூ மின் அம்வாலிஹிம்': தங்கள் பொருளிலிருந்து செலவு செய்வதாலும். பொறுப்பு ஆணுக்கு என்பதற்கு வசனம் இரண்டு காரணம் சொல்கிறது. பணம் போகிற காரணம்தான் கத்தரிக்கப்பட்டிருக்கிறது.

பெப்ரவரி 27
கைக்கூலி, பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் காசு, பத்து இலட்சமாம். கேட்டது கிளிப் அனுப்பிய தம்பியின் வீடு.

பெப்ரவரி 29, வியாழன்
பெண்ணின் வாப்பாவுக்குச் சொல்ல வேண்டியவை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலி மாப்பிள்ளையின் சொத்து இல்லை. மணமகளின் பயனுக்காக அவன் கையில் கொடுக்கப்படுவது. பிரிவு வந்தால் முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதியிடம் அவள் திருப்பிக் கேட்கலாம். வழக்கு எங்கே இடறும் என்றால், கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாத இடத்தில். காசை உறையில் போட்டு மாமியார் கையில் வைப்பார்கள், பதிவில் ஒரு எழுத்து இருக்காது. பிறகு "நாங்க வாங்கல்லயே" என்பார்கள். ஆகவே வங்கி மூலம் மாப்பிள்ளையின் கணக்குக்கே போகட்டும், சிட்டையைப் பெண் வைத்துக்கொள்ளட்டும். பதிவாளரிடம் தொகையைச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். எழுதுவதைக் கௌரவக் குறைவு என்றால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்தலாம்.
மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் எவ்வளவு என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. அதுதான் கடமை.

மார்ச் 1, வெள்ளி
பள்ளியில் குத்பா பிரசங்கம் நோன்பைப் பற்றி. கைக்கூலிக்கு ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 3
குழுவில், இணையத்தில் ஆண்மை போதிக்கும் ஆன்ட்ரூ டேட்டின் படம், "சிங்கம்" என்று. 2022 ஒக்டோபரில் முஸ்லிமானார், டிசம்பரில் ருமேனியாவில் கைது. மனைவியின் செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நம்மூர்க் கடைக்கார நானாவின் படத்தை யாரும் போடுவதில்லை.

மார்ச் 5, செவ்வாய்
கண்டிப் பக்கத்துத் திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த நாள். 2018. அதற்கு ஒரு வாரம் முன் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடைக் கறியில் மலட்டு மாத்திரை என்ற வீடியோ. பரிசோதித்தால் மாவுக் கட்டி. மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகில் கிடையாது. ஆனாலும் சிங்கள இளைஞர்களின் ஆண்மையில் கை வைத்ததால் அந்தப் பொய்க்குக் கால் முளைத்தது. 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், 7ஆம் திகதி முகநூலும் வாட்ஸ்அப்பும் மறிப்பு.
இன்றைக்கு நம் குழுவில் "ரோஷமுள்ளவன் ஷேர் பண்ணு" என்று ஒரு செய்தி வந்தது. அதே சரக்கு. தலைப்பில் 'பலமுறை பகிரப்பட்டது' என்று இருந்தால் எங்கே, எப்போது, யார் கண்டது என்று மூன்றையும் கேட்டு, பதில் வரும்வரை அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிட வேண்டும். பூட்ட இருபது செக்கன் போதும். அட்மின் தூங்கிவிட்டார்.

மார்ச் 6
விவாகப் பதிவில் மணமகளின் கையெழுத்து தேவையில்லை. அவளுடைய 'வலி', அதாவது வாப்பா போன்ற ஆண் பொறுப்பாளர், போட்டால் சரி. இந்தச் சட்டத்தைத் திருத்த 2009இல் நியமித்த மர்சூப் குழு 2018இல் அறிக்கை கொடுத்தது, இன்னும் அப்படியே. "சட்டத்தில் கை வைக்காதே" என்று குழுவில் கத்துகிறவர்கள் எவரும் அந்தப் பதிவை விரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.
மணப்பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும். உம்மா மட்டும் பக்கத்தில். சம்மதத்தை அவள் கையால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும்.

மார்ச் 7, வியாழன்
மஹர் ஐயாயிரம் என்கிறார்கள். நாளை அஸருக்குப் பின் நிகாஹ். அக்குறணையில் மழை. சிட்டை இன்னும் வரவில்லை