மாத்திரை அட்டை குப்பைக்குப் போன நாள்

இரண்டாவது மகள் பிறந்து நான்கு வருடம் கருத்தடை மாத்திரை விழுங்கியது என் மனைவிதான். கூடவே ஒற்றைத் தலைவலி. சிங்கப்பூரில், எங்கள் யீஷுன் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருப்பாள். போதும், இனி என் பொறுப்பு என்று சொன்னேன்.

ஆணுக்கும் ஹார்மோன் இல்லாத, வேண்டியபோது நிறுத்திக்கொள்ளும் மருந்து ஏதாவது இருக்கும் என்று நம்பித்தான் பாலிகிளினிக் போனேன். இல்லை. ஆணுறை, இல்லையென்றால் வாசெக்டமி, அதாவது விந்துக்குழாயை வெட்டி அடைக்கும் அறுவை சிகிச்சை. பெண்ணுக்கு மாதம் ஒரு முட்டை, ஆணுக்கு நொடிக்குச் சுமார் ஆயிரம் விந்தணு. அத்தனையையும் நிறுத்தி, பிறகு பழுதில்லாமல் மறுபடி ஓடவிடுவது லேசான வேலையில்லை என்றார் டாக்டர்.

அம்மாதான் கலங்கிவிட்டார். "ஆம்பளைக்கு எதுக்குப்பா ஆபரேஷன்?" அவளுக்கு நான்கு வருடமாகத் தலைவலிம்மா என்றேன். அப்புறம் அம்மா பேசவில்லை.

இது நிரந்தரம் என்று புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. மற்றபடி அரைமணி நேர வேலை. மரத்துப்போக ஊசி போட்டும் விந்துக்குழாயை இழுக்கும்போது அடிவயிற்றில் சுண்டி இழுத்தது. இரண்டு நாள் இறுக்கமான உள்ளாடையும் ஐஸ் பொட்டலமும்.

உடனே பலன் கிடைக்காது. உள்ளே மிச்சமிருக்கும் விந்தணு வெளியேற வேண்டும். பன்னிரண்டு வாரம் காத்திருந்தேன். அந்த நாட்களில் தேடித்தேடிப் படித்தேன். கரக்பூர் ஐஐடியின் சுஜோய் குஹா பல பத்தாண்டுகளாக உழைத்து உருவாக்கிய ரிசக் ஊசி, குழாய்க்குள் ஒரு பாலிமரைப் படியவைத்து விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. இந்தியாவில் 303 ஆண்களிடம் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அதைக் கரைத்து வெளியேற்றிப் பழைய நிலைக்குத் திரும்புவதை விலங்குகளிடம் காட்டிவிட்டார்கள். மனிதர்களிடம் காட்டுவது பாக்கி. இன்னொன்று ஒய்சிடி-529 மாத்திரை. வைட்டமின் ஏ கொடுக்கும் சமிக்ஞையை விந்தகத்தில் தடுத்து, விந்தணு உற்பத்தியை நிறுத்துவதற்கானது. 2025இல் வெளியான முதல் மனிதச் சோதனையில் 16 ஆண்கள். பாதுகாப்பானதா என்றுதான் முக்கியமாகப் பார்த்தார்கள்.

என் விந்துப் பரிசோதனை நாளில் மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே கொடுக்க வேண்டும். சின்னப் புட்டியைச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு டாக்சியில் போனேன். விந்தணு பூஜ்யம். அன்றிரவே மனைவி மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டாள்.

அந்த ஒய்சிடி-529 சோதனையின் 16 பேரும் ஏற்கெனவே வாசெக்டமி செய்துகொண்டவர்களாம். இங்கே அப்படியொரு சோதனை வந்தால் என் பெயரைக் கொடுப்பேன். மனைவியிடம் சொல்லிவிட்டேன்.